நாடகத்துல வாசிச்ச ஓலை

ஜோக்கிமுக்கு மைக் இருந்தா வாய் உண்டு. மைக் இல்லேன்னா வாயில்லாப் பூச்சியாக்கும். இது உதியன்குளங்கரை முக்குல கடை வச்சிருந்த எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்"னு அவன் தொடங்கினா பாறசாலைக்குப் போற ஆளுகூட செத்த நேரம் நின்னு கேட்டுட்டுத்தான் போவாரு. அதே ஜோக்கிம் எனக்க தையல் கடையில வந்து ஒரு பட்டன் கேக்கணும்னா, வாசல்ல நின்னு சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பான். "என்னலே வேணும், வாயில கொழுக்கட்டையா"ன்னு நான்தான் ஒரு அதட்டு போடணும்.

நான் ஸ்ரீகுமாரி. செங்கல்ல பொறந்து உதியன்குளங்கரைக்குக் கெட்டி வந்தவ. அவன் வேலைக்கு நின்ன மைக் செட் கடைக்கும் எனக்க கடைக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவருதான். அவன் அங்க பாட்டு போட்டா எனக்க மெஷினு இங்க தாளம் போடும். ஊருல அவனைப் பத்தி நாலு விதமாட்டு சொல்லுவாவ. அதை எல்லாம் தள்ளுங்க. நான் சொன்னா பொய் கொஞ்சம் குறைவாட்டு இருக்கும்.

அவன் பூவார் கடப்புறத்துக்காரன். அப்பன் கடலுக்குப் போறவரு, அண்ணன்மாரும் கடலுக்குப் போறவங்க. இவனை வள்ளத்துல ஏத்தினா ஆறு கடல்ல சேருத பொழி தாண்டுறதுக்குள்ள குடலு வெளிய வந்துரும். கரையில நின்னு அலையைப் பாத்தாலே பயலுக்கு ஓக்காளம் வரும்னு அவனுக்க அம்மையே எங்கிட்ட சொல்லி அழுதிருக்காவ. அந்தப் பக்கம் பெண்ணு கேட்டுப் போனா, வள்ளம் உண்டா, வலை உண்டான்னுதான் மொதல்ல கேப்பாவ. இவனுக்கு உள்ளது ஒரு ஆம்ப்ளிபயரு, அதும் முதலாளிக்குள்ளது.

ஆனா பாட்டு உண்டு. அதைச் சொல்லாம இருக்க ஏலாது. தொண்ணூத்தி நாலுல அவனும் ராஜதாசும் தாணுவும் இன்னொருத்தன் மெல்பினும் சேந்து ஒரு நாடகம் உண்டாக்கினானுவ. கதையும் பாட்டும் எல்லாம் ஜோக்கிமுக்கது. ராஜதாசு பாறசாலையில பாத்திரக் கடையில நின்னவன், ஆளு கொஞ்சம் தடி, வாய் அதை விட தடி. தாணு தபலா. மெல்பின் கீ போர்டு. நான் உடுப்பு தைச்சுக் கொடுக்கணும், பிறகு திரைக்குப் பின்னால நின்னு மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கணும். "கிழக்கேக்கோட்டை நாலு மணி"ன்னு நாடகத்துக்குப் பேரு.

கதை இதாக்கும். நாலு கூட்டுக்காரப் பயலுவ. ஊருல எந்தப் பெண்ணைப் பாத்தாலும் ஒண்ணுல சொந்தக்காரி, இல்லேன்னா அவளுக்க அண்ணன் கூடப் படிச்சவன். ஊருல பிரேமிக்க வழியே இல்லன்னு சொல்லி, நாலு பேரும் காலம்பற பாசஞ்சர் ட்ரெயின்ல திருவனந்தபுரத்துக்குப் போறானுவ. சாயங்காலம் நாலு மணிக்கு கிழக்கேக்கோட்டை பஸ்ஸ்டாண்டுல அவனவனுக்க பெண்ணோட வந்து சேரணும்னு பந்தயம். ஒருத்தன் ரெயில்வே ஸ்டேஷன் அறிவிப்புல கேட்ட குரலை நம்பி, அந்தக் குரலுக்க ஆளைத் தேடி ஓடுவான். ஒருத்தன் மியூசியத்துல படம் வரையுத பெண்ணு தன்னைத்தான் வரையுதான்னு நினைச்சு அனங்காம அசையாம நிப்பான், அவ வரைஞ்சது அவனுக்குப் பின்னால கூட்டுக்குள்ள இருந்த கொரங்கை. ஜோக்கிம் நடிச்ச பயலு மழையில ஒரு குடையைத் தொடந்து ஊரெல்லாம் சுத்துவான். கடைசியில அந்தப் பெண்ணுக்க வீட்டுல போய் நின்னா அவளுக்க அப்பன், "வந்தாச்சா, ரேடியோ உள்ள இருக்கு"ன்னு சொல்லி ரிப்பேருக்கு உக்கார வச்சிருவாரு. ஜனம் வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிக்கும்.

நாலு மணி ஆவும்போ நாலு பேரும் வெறுங்கையோட வந்து நின்னு ஒரு பாட்டு உண்டு.

"நாலு மணிக்கு வாறேன்னு சொன்னா,
நாப்பது பஸ்சு வந்து போச்சு.
நீ வாற பஸ்சைக் காணோமே பெண்ணே,
நெய்யாற்றங்கரையில நின்னு போச்சோ?"

இதைப் பாடும்போ மட்டும் சிரிச்ச ஆளெல்லாம் செத்த நேரம் சிரிக்க மாட்டாவ. அந்த மாதிரி ஒரு தொண்டை அவனுக்கு. தெய்வம் கொடுக்கும்போ ஒரு கையால கொடுத்து மறுகையால எடுத்துக்கும்னு சொல்லுவாவ. ஜோக்கிமுக்கு விஷயத்துல அது சரியாட்டு நடந்துச்சு.

இனி மார்கிரெட்டுக்க கதை. அவளும் கடப்புறத்துக்காரிதான், ஆனா பக்கத்துச் சர்ச்சு இடவகை. அப்பன் பத்ரோஸ் கட்டுமரத்துல போறவரு. அம்மை செத்துப்போச்சு. அவ எங்கிட்ட தையல் படிக்க வந்தா. நல்ல கருப்பு, நல்ல லட்சணம், கை வேகம். சிரிச்சா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்னுரும். அப்படி நிக்கும்போ எல்லாம் எனக்கு விஷயம் புரிஞ்சிரும். "என்னலே, கரண்டு போச்சா"ன்னு நான் இங்க இருந்து கேப்பேன். அந்தப் பக்கம் பாட்டு உடனே மறுபடி தொடங்கும்.

ரிகர்சல் எனக்க கடைக்குப் பின்னால உள்ள ஷெட்டுலதான் நடக்கும். மார்கிரெட் காஜா எடுத்துக்கிட்டே கேட்டுட்டு இருப்பா. ஒரு நாளு அவளே சொன்னா, "பெண்ணுவ இப்படி ஒண்ணும் பேச மாட்டாவ. இதெல்லாம் ஆம்பிளைகளு நினைச்சுக்கிட்டு எழுதுறது." ராஜதாசுக்கு வந்துச்சே கோவம். ஜோக்கிம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "அப்ப எப்படி பேசுவாவ"ன்னு சுவத்தைப் பாத்துக் கேட்டான். அவ சொல்லச் சொல்ல வசனத்தை மாத்தினான். நாடகத்துல ஜனம் கைதட்டின இடத்துல பாதி அவ சொன்னது. அது வெளிய யாருக்கும் தெரியாது.

அவதான் இன்னொண்ணும் சொன்னா. "நாலு பேரும் வெறுங்கையோட திரும்பி வாறது நல்லா இல்ல. ஒருத்தனுக்காவது ஒருத்தி கிடைக்கட்டும்." இதைக் கேட்டதும் ஜோக்கிமுக்க முகத்தைப் பாக்கணுமே. ஆனை கொடுத்தாலும் ஆசை கொடுக்கக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாவ. மறுநாளே கடைசி சீனை மாத்தி எழுதியாச்சு. அவன் வேஷம் கெட்டின பயலுக்கு குடைக்காரி கிடைச்சிருவா. ஊருக்கு வந்து பள்ளியில ஓலை வாசிக்கது வரை காட்டிட்டு நாடகம் முடியும்.

ஓலைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். கடப்புறத்துக் கத்தோலிக்கருக்கு கல்யாணம் உறப்பிச்சா, மூணு ஞாயிற்றுக்கிழமை பள்ளியில, அதாவது சர்ச்சுல, பாதிரியாரு அச்சன் வாசிப்பாவ. இன்ன இடவகை இன்னாருக்க மகனுக்கும் இன்ன இடவகை இன்னாருக்க மகளுக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு. எங்களுக்கு ஜாதகம் எப்படியோ அப்படி அவங்களுக்கு ஓலை. ஓலை வாசிச்சாச்சுன்னா பாதிக் கல்யாணம் கழிஞ்ச மாதிரி. பிறகு அது முடங்கினா அந்தப் பெண்ணுக்கு வேற கல்யாண ஆலோசனை வாறது பாடு. என்ன காரணம்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ. ஓலை முடங்கின பெண்ணுன்னு மட்டும் சொல்லுவாவ.

நாடகத்துல அது கேலியும் களியுமாட்டு வரும். ராஜதாசு நான் தைச்ச வெள்ளை அங்கியைப் போட்டுக்கிட்டு அச்சனாட்டு வந்து நிப்பான். "கிழக்கேக்கோட்டை பஸ்ஸ்டாண்டு இடவகை, லேட்டு அந்தோணிக்க மகள் சீக்கிரம் மேரி"ன்னு வாசிப்பான். தடை உண்டான்னு கேப்பான். கூட்டத்துக்குள்ள முன்னமே போய் உக்காந்திருக்க தாணு எழும்பி, "உண்டு அச்சோ, மாப்பிள்ளை போட்டிருக்க சட்டை என்னுதாக்கும்"னு கத்துவான். அதோட கூட்டப் பாட்டு. திரை.

அந்த வருசம் பூரா அவனுவளுக்கு நல்ல காலம். கோயில் உற்சவத்துக்கும் கூப்பிட்டாவ, பள்ளிப் பெருநாளுக்கும் கூப்பிட்டாவ. மார்கிரெட்டுக்க இடவகைப் பெருநாளுக்கும் கூப்பிட்டாவ. அதுக்கு முந்தின வாரம் அவ துணி மடக்கிக்கிட்டு இருக்கும்போ சொன்னா, "அக்கா, வீட்டுல ஒரு ஆலோசனை வந்திருக்கு. தெற்க உள்ள ஆளு. சொந்தமாட்டு வள்ளம் உண்டு."

"உனக்கு இஷ்டமா"ன்னு கேட்டேன்.

"வேற யாரும் கேக்கல்லியே"ன்னா.

அதைச் சொல்லும்போ பலகைச் சுவத்தைத்தான் பாத்தா.  அவ பஸ் ஏறினதும் நான் நேரா மைக் செட் கடைக்குப் போனேன். "எலே ஜோக்கிமே, அவளுக்கு ஆலோசனை வந்தாச்சு. இனி நாக்கை எடுத்துக் கேளு. உனக்கு ஏலாதுன்னா சொல்லு, நான் போய்க் கேக்கேன்."

"வேண்டாம் அக்கா. நானே கேக்கேன்."

"எப்பம்?"

"பெருநாளைக்கு."

சரி, பயலுக்குத் தைரியம் வந்தாச்சு, பெருநாள் கூட்டத்துல ஒரு கடலை பொட்டலம் வாங்கிக் கொடுத்து ஓரமாட்டு நிறுத்திக் கேப்பான்னு நான் நினைச்சேன். எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைப்பா. நாக்கெடுத்துக் கேளுன்னுதான் நான் சொன்னது. நாடகத்துல கேளுன்னு இல்ல.

பெருநாளைக்கு பள்ளி முற்றம் நெறஞ்சு கிடந்துச்சு. ஆம்பிளைகளு ஒரு பக்கம், பெண்ணுவ ஒரு பக்கம், முன்னால நாற்காலியில கமிட்டிக்காரங்களும் விருந்தாளிகளும். நாடகம் அன்னைக்கு நடந்த மாதிரி ஒரு நாளும் நடந்ததில்ல. கொரங்கு சீனுல பிள்ளைகளு மண்ணுல உருண்டுச்சு. குடைப் பாட்டை மறுபடியும் பாடுன்னு சொல்லிப் பாட வச்சாவ. திரைக்குப் பின்னால நின்ன எனக்கே கண்ணு நெறஞ்சு போச்சு.

கடைசி சீன் வந்துச்சு. ராஜதாசு அங்கியோட போய் மைக்குக்கு முன்னால நின்னான். நான் மெதுவா "கிழக்கேக்கோட்டை பஸ்ஸ்டாண்டு இடவகை"ன்னு எடுத்துக் கொடுத்தேன். அவன் காதுலயே வாங்கல்ல. நல்ல கனத்த குரல்ல, "பத்ரோசுக்க மகள் மார்கிரெட்டுக்கும்"னு தொடங்கினான். அவளுக்க வீட்டுப் பேரு, இடவகைப் பேரு எல்லாம் சரியாட்டு வந்துச்சு. பிறகு ஜோக்கிமுக்க அப்பன் பேரு, அவனுக்க பேரு.  ஜோக்கிம் மேடைக்கு நடுவுல மாப்பிள்ளை வேஷத்துல நின்னு பெண்ணுவ இருக்க பக்கம் பாத்துக்கிட்டு நின்னான். அப்படி ஒரு சிரிப்பு அவனுக்க முகத்துல நான் அதுக்கு முன்னயும் கண்டதில்ல, பின்னயும் கண்டதில்ல.

"தடை உண்டுமா"ன்னு ராஜதாசு கேட்டான்.

தாணு எழும்புறதுக்கு முன்ன முன்வரிசையில ஒரு வயசாளி எழும்பினாரு. தோள்ல நேரியல் துண்டு. "தடை உண்டு"ன்னாரு. ஜனம் சிரிச்சுச்சு. "இந்தப் பெண்ணுக்கு நாங்க வாக்கு வச்சிருக்கோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கணும்"ன்னாரு. அதுக்கு இன்னும் கூடுதலாட்டு சிரிச்சாவ. இப்படி நல்லா நடிக்க ஆளு இவனுவளுக்கு எங்க இருந்து கிடைச்சாருன்னு எனக்க பக்கத்துல திரை இழுக்க நின்ன ஒருத்தன் கேட்டான். அவரு என்ன சொன்னாலும் சிரிப்பு. அவரு கையைக் காட்டினாரு, சிரிப்பு. கூட வந்தவங்க எல்லாரும் நாற்காலியைத் தள்ளிட்டு எழும்பினாவ, அதுக்கும் சிரிப்பு. பிறகு பத்ரோஸ் எழும்பினாரு. அவரை எல்லாருக்கும் தெரியும். அப்பத்தான் முன்ன இருந்து பின்ன வரை சிரிப்பு ஒவ்வொரு வரிசையாட்டு நின்னுச்சு.

தெற்கத்தி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெருநாளும் கூடி, பெண்ணையும் பாத்துட்டு நாள் குறிக்க வந்திருந்தாவ. இது ஜோக்கிமுக்குத் தெரியாது. தெரியாதுன்னு நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன். ஆனா தெரியாதுன்னு சொல்லி என்ன பிரயோஜனம். கைவிட்ட கல்லும் வாய்விட்ட வாக்கும் திரும்பி வருமா.

மறுநாளு நான் அவனைப் பிடிச்சு உலுக்கினேன். "ராஜதாசு பள்ளிக்காரன் இல்ல. அவனுக்குப் பேருன்னா வெறும் பேருதான். நீ பள்ளியில வளந்தவன்தானலே. ஓலைக்க கனம் உனக்குத் தெரியாதா? என்னத்துக்குச் செஞ்சே?"

அவன் கையில இருந்த ஒயரைச் சுருட்டி வச்சான். பிறகு, "கனம் தெரிஞ்சதனாலதான் அக்கா. ஒரே ஒரு தடவை எனக்க பேரும் அவளுக்க பேரும் சேந்து மைக்குல கேக்கணும்னு இருந்துச்சு. எல்லாரும் சிரிப்பாவ, அவளுக்கு மட்டும் மனசிலாவும். அவ சிரிச்சான்னா மறுநாளு வீட்டுல போய்க் கேக்கலாம்னு நினைச்சேன்"னான்.

இதைக் கேட்டதும் எனக்கு அவனை அடிக்கவா, கெட்டிப்பிடிச்சு அழவான்னு தெரியல்ல.  திரும்பி வந்து மெஷின்ல உக்காந்தேன், ஊசியில நூலு ஏறல்ல.

தெற்கத்தி ஆலோசனை அன்னைக்கே முறிஞ்சு போச்சு. மார்கிரெட் தையலுக்கு வாறது நின்னு போச்சு. பஸ்சுல ஏறினா அச்சன் வாசிச்ச மாதிரி அவளுக்க முழுப்பேரையும் சொல்லிக் கேலி பண்ணிக் களியாக்க பிள்ளைகளு இருந்துச்சு. பெண்ணுவ அதை விட மோசம். நாடகத்துல வாசிச்சா ஓலை ஆவுமான்னு நான் ஒருத்திகிட்ட கேட்டதுக்கு, "சும்மாவா வாசிச்சான், இதுக்கு முன்ன எத்தனை தடவை கூடச் சுத்தினாளோ"ன்னா. ஊரு வாயை மூட உலைமூடி இல்ல. எல்லாரும் சொன்ன ஒரே வழி இதுதான்: வாசிச்சவனே கெட்டட்டும்.

நானும் அப்படித்தான் நினைச்சேன். கெட்டதுல ஒரு நல்லது, ரெண்டும் ஒண்ணாயிரும்னு. ஜோக்கிமுக்க அப்பனும் நானும் எங்க வீட்டு ஆளு கருணாகரனும் அவனைக் கூட்டிக்கிட்டு பத்ரோஸ் வீட்டுக்குப் போனோம். பத்ரோஸ் எங்களை இருங்கன்னுகூடச் சொல்லல்ல. கடலைப் பாத்துக்கிட்டே, "கெட்டிட்டுப் போகட்டும். இனி இவளை வேற யாரு கெட்டுவா"ன்னாரு. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நான் மனசுக்குள்ள ஒரு பெருமூச்சு விட்டேன்.

மார்கிரெட் உள்ள இருந்து வந்து வாசல்படியில நின்னா. மெலிஞ்சு போயிருந்தா. "அப்பச்சன் சம்மதிச்சாச்சு. ஊரு சம்மதிச்சாச்சு. எங்கிட்ட இதுவரை யாரும் ஒண்ணும் கேக்கல்ல"ன்னா.

எல்லாரும் ஜோக்கிமைப் பாத்தோம். "மார்கிரெட்டே"ன்னு அவன் தொடங்கினான். அதோட நின்னான். அவ பாத்துக்கிட்டே நின்னா. நான் சொல்லுதேன், அவ காத்துக்கிட்டு நின்னா. கோவத்துல இல்ல. கேளு, கேட்டுரு, ஒரே ஒரு வார்த்தைன்னு அவளுக்க கண்ணு சொல்லிச்சு. ஒரு பெண்ணுக்கு அது தெரியும். நான் பின்னால இருந்து அவனுக்க முதுகுல நகம் பதியக் கிள்ளினேன். அவன் கண்ணு சுவத்துக்குப் போச்சு, சத்தம் மட்டும் வரல்ல. ஆயிரம் பேருக்கு முன்ன பாடின சவத்துக்கு ஒருத்திக்கு முன்ன ஒரு வார்த்தை வரல்ல.

"எனக்கு வேண்டாம் அக்கா"ன்னு அவ எங்கிட்ட சொன்னா, அவன்கிட்ட இல்ல. "முன்னமே என்னைக் கேட்டிருந்தா நான் வள்ளமும் வலையும் ஒண்ணும் பாத்திருக்க மாட்டேன். இப்ப இவருகூடப் போனா, நாடகத்துல விழுந்த பெண்ணுன்னு சாவு வரைக்கும் சொல்லுவாவ. நாங்க ரெண்டு பேரும் ரோட்டுல நடந்தா ஆளுவ சிரிப்பாவ. ஆளுவளுக்க சிரிப்புக்குள்ள எனக்குக் குடியிருக்க ஏலாது." பிறகு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. பத்ரோஸ் அப்பவும் கடலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

அந்த மழைக்காலம் முடிஞ்சதும் அவ போயிட்டா. கடப்புறத்துப் பெண்ணுவளை குஜராத்துல செம்மீன் கம்பெனியில எறாலு உரிக்க வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போற ஏஜென்ட் ஒருத்தன் வருவான். ஐஸ் வெள்ளத்துல கையை முக்கி விடியுமுன்ன தொடங்கி நின்னுக்கிட்டே உரிக்கணும், விரலெல்லாம் வெந்து போவும்னு போய்ட்டு வந்தவங்க சொல்லுவாவ. எனக்க கடையில அவ்வளவு நேர்த்தியாட்டு காஜா எடுத்த விரலு. போறதுக்கு முன்ன எங்கிட்ட சொல்லிக்கிட்டுப் போனா. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருந்தான், அவனுக்கும் எல்லாம் கேட்டிருக்கும். எழும்பி வரல்ல.

நாடகம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அதுதான் வயித்தெரிச்சல். அந்த விஷயத்துக்குப் பிறகு நாடகத்துக்கு ஆளு இரட்டியாட்டு கேட்டு வந்தாவ. "அந்த ஓலை சீன் உண்டா, அதே பேரு சொல்லுவீங்களா"ன்னு கேக்காத கமிட்டி இல்ல. ஒருத்தன் எனக்க கடையில நின்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். நான் துணி வெட்டுற கத்தரியைக் கையில எடுத்தேன், போயிட்டான். ஜோக்கிம் சீனை வெட்டினான். பிறகு நாடகத்தையே வெட்டினான். மெல்பின் சர்ச்சு குவயருக்குப் போனான். தாணு கல்ஃபுக்குப் போனான். ராஜதாசு திருவனந்தபுரத்துல ஒரு மிமிக்ஸ் ட்ரூப்புல சேந்தான், அங்கயே சாலைக் கம்போளத்துச் சந்தையில மிட்டாய்க் கடைக்காரனுக்க மகளைப் பிரேமிச்சுக் கெட்டினான். பட்டணத்துக்குப் போய் ஒருத்தி கிடைச்சது அந்தத் தடியனுக்குத்தான். கல்யாணத்துக்கு ஜோக்கிமைக் கூப்பிட்டான். இவன் போய் மைக் செட் வச்சுக் கொடுத்துட்டு வந்தான்.

ஒரு தடவை பயலுக்கு ஒரு வெறி வந்துச்சு. கடலுக்குப் போறேன்னு அண்ணன்மாருகூட வள்ளத்துல ஏறினான். கடல்காரனாட்டு மாறினா பத்ரோசுக்க மனசு இளகும், பத்ரோசுக்க மனசு இளகினா அவளுக்க மனசு இளகும்னு ஒரு கணக்கு. ஒரே நாளுதான். திரும்பி வரும்போ வள்ளத்துக்குள்ள செத்த மீனு மாதிரி கிடந்தான். கரையில நின்ன ஒருத்தன் அவனுக்க பாட்டையே இழுத்துப் பாடினான், எல்லாரும் சிரிச்சாவ. இவனும் கூடச் சிரிச்சான். அதுக்குப் பிறகு அவன் பாடி நான் கேக்கல்ல.

வீட்டுல பெண்ணு பாத்தாவ. அம்மை காலுல விழுந்து அழுதாவ. "யாரையும் கெட்டினா அவளையும் சேத்துல்லா களியாக்குவாவ"ன்னு ஒரே பதில். நான் அவனைத் திட்டியிருக்கேன். மடையான்னு சொல்லியிருக்கேன், மண்ணாங்கட்டின்னு சொல்லியிருக்கேன். அவன் கேட்டுக்கிட்டு ஒயரைச் சுருட்டுவான். முடி நரைக்கத் தொடங்கியாச்சு, முப்பது முப்பத்தொண்ணு வயசுதான் இருக்கும்.

தொண்ணூத்தி ஒன்பதுல பத்ரோஸ் செத்துப் போனாரு. ட்ரெயின்ல வந்து சேர மார்கிரெட்டுக்கு மூணு நாளு வேணும், அதனால அடக்கத்துக்கு எத்தல்ல. ஏழாம் நாளு பிரார்த்தனைக்கு வந்தா. அவளுக்க வீட்டு முற்றத்துல மைக் செட் வைக்க வந்தது ஜோக்கிம். வேற ஆளை அனுப்புலேன்னு நான் சொன்னதுக்கு, "பத்ரோஸ் அண்ணனுக்கு நான் செய்யணும்"னான். எனக்கும் போகணும்னு இருந்துச்சு, போனேன்.

அவளைக் கண்டேன். ஆளு தடிச்சிருந்தா, முகத்துல ஒரு தெளிவு உண்டு. கை மட்டும் வயசாளிக்க கை மாதிரி தொலி உரிஞ்சு கிடந்துச்சு. எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, மெஷினு எல்லாம் நல்லா இருக்கா"ன்னு கேட்டா. அடுத்த வாரம் திரும்பிப் போறேன்னா. அங்க இப்ப அவ சூப்பர்வைசராக்கும், அவளுக்குக் கீழ பெண்ணுவ உண்டும்.

பிரார்த்தனை முடிஞ்சு ஆளுவ கட்டன்காப்பி குடிச்சுக்கிட்டு நின்னாவ. ஜோக்கிமுக்க அண்ணன்மாரு, அச்சன், அயல்வாசிப் பெண்ணுவ எல்லாரும் உண்டு. ஜோக்கிம் மைக்கை அணைச்சான். ஸ்டாண்டுல இருந்து கழற்றிப் பெட்டிக்குள்ள வச்சான். பிறகு நேரா அவகிட்ட நடந்து வந்தான். நான் பக்கத்துலதான் நின்னேன். இவன் என்னத்துக்கு வாறான்னு எனக்கு ஒரு பயம்.

"மார்கிரெட்டே"ன்னான். நிக்கல்ல. "எனக்கு உன்னைக் கெட்டணும்னு ஆசை. அன்னைக்கும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. நான் செஞ்சது வலிய தப்பு. நீ சம்மதிச்சா நான் உனக்க கூட குஜராத்துக்கு வாறேன். அங்க என்ன வேலை கிடைச்சாலும் எனக்குப் பரவாயில்ல. உனக்கு என்ன தோணுதுன்னு சொல்லு."

சுவத்தைப் பாக்கல்ல. அவளுக்க முகத்தைப் பாத்துக் கேட்டான், திக்கல் இல்ல, நடுக்கம் இல்ல. சுத்தி நின்னவங்க காப்பியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாவ. ஒருத்தரும் சிரிக்கல்ல. எனக்கு உள்ளம் பொங்கிப்போச்சு. அஞ்சு வருசமாட்டு நான் கேக்கக் காத்துக்கிட்டு இருந்தது இதுதானே. மார்கிரெட்டுக்கும் கண்ணு நெறஞ்சுச்சு. அதைக் கண்டதும், எம்மா, கிடைச்சாச்சுன்னுதான் நான் நினைச்சேன்.

அவ முந்தானையால கண்ணைத் துடைச்சா. ரொம்ப மெதுவாட்டு, கோவமே இல்லாமத்தான் சொன்னா.

"அங்க என்னை ஒரு ஆளுக்கும் தெரியாது சேட்டா. எனக்க பேரைக் கேட்டா யாரும் சிரிக்க மாட்டாவ. எனக்கு மிச்சம் கிடைச்சது அது ஒண்ணுதான். நீங்க வந்தா அதும் போவும்."

அவன் "சரி"ன்னான்.